ரவுட்டருக்கு வெளியூர் வழியைச் சொல்வது யார்?

சென்னைக்காரர்களுக்கு வெளியூர் போக ரொம்ப காலம் ஒரே ஒரு தகவல் போதுமாக இருந்தது: கோயம்பேடு போ. திருச்சியோ தேனியோ திருநெல்வேலியோ, முதலில் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். எந்த பஸ், எந்த நடைமேடை என்பதெல்லாம் அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். 2002-க்கு முன்னால் அந்த இடத்தில் பாரிமுனை இருந்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்து, தென்மாவட்ட பஸ்கள் அங்கே மாறியபோது, பழைய நினைப்பில் கோயம்பேட்டில் போய்ப் பையோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் இருந்தது பொய்த் தகவல் இல்லை. நேற்று வரை சரியாக இருந்த தகவல்தான். மாறிவிட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு மூலையில் விளக்கு மின்ன உட்கார்ந்திருக்கும் ரவுட்டருக்குள்ளும் இப்படி ஒரு தகவல் இருக்கிறது. 'எனக்குத் தெரியாத முகவரி எதுவானாலும் இந்தப் பக்கம் அனுப்பு' என்ற ஒற்றை வரி. அதைத்தான் டீஃபால்ட் ரூட் என்கிறோம். அது இல்லாவிட்டால் வைஃபை முழு அளவில் காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. இன்டர்நெட் நிறுவனங்கள் இந்த வரியை வாடிக்கையாளரின் ரவுட்டருக்குப் பல விதமாகக் கொடுக்கின்றன. எந்த விதத்தில் வந்ததோ அதைப் பொறுத்துத்தான் அது எப்போது சாகும், செத்த பிறகும் சாகாததுபோல் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது முடிவாகிறது. இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தொழிற்சாலையின் வாசலில்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்கிற சின்ன இடம் அது. இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்பு வைத்திருந்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளட்டும் என்று ரிச்சி தெருவில் வாங்கிய டூயல் வான் ரவுட்டர், இரண்டு வெளி இணைப்பை ஏற்கும் வகை. அமைத்துக் கொடுத்தது நான். ஒரு நாள் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிய பொக்லைன் முதல் இணைப்பின் ஃபைபரை அறுத்துவிட்டது. இரண்டாவது இணைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஆபீஸ் முழுக்க நெட் இல்லை. சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது, இ-வே பில் எடுக்க முடியவில்லை. கணக்குப் பார்க்கும் அம்மா போனில் கேட்டார்: "சார், ரெண்டு கனெக்‌ஷனுக்கும் மாசாமாசம் பணம் கட்டுறோம். ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கும்னுதானே சொன்னீங்க?"

போய்ப் பார்த்தேன். ஃபைபர் வந்து முடியும், சுவரில் மாட்டியிருந்த ஓ.என்.டி. பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அதே பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் அரை மீட்டர் ஈத்தர்நெட் வயரின் இரண்டு முனையிலும் பச்சை. ரவுட்டர் பார்க்க முடிந்தது அந்தப் பச்சையை மட்டும்தான். அதன் வழி அட்டவணையில் 0.0.0.0/0 என்ற வரி, அதாவது டீஃபால்ட் ரூட், முதல் நிறுவனத்தின் கேட்வேயை, பாக்கெட்டை அடுத்து வாங்கிக்கொள்ளும் கருவியை, காட்டியபடி அசையாமல் நின்றது. நாலு மாதம் முன்னால் என் கையால் டைப் செய்த வரி.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பாக்கெட் (நெட்டில் போகும் தகவலின் சின்னத் துண்டு) வந்ததும், அது போகவேண்டிய முகவரிக்கு எந்த வரி மிக நெருக்கமாகப் பொருந்துகிறது என்று ரவுட்டர் தேடும். என் வீட்டு ரவுட்டரில் மொத்தமே மூன்று வரிதான். 192.168.1.0/24 என்றால் வீட்டுக்குள்ளேயே, டிவிக்கோ பிரின்டருக்கோ. இரண்டாவது, மறுமுனையில் இருக்கும் நிறுவனக் கருவியின் ஒற்றை முகவரி. மூன்றாவது 0.0.0.0/0. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், முகவரியின் 32 பிட்டில் முதல் எத்தனை பிட் ஒத்துப்போக வேண்டும் என்பதைச் சொல்கிறது. 24 என்றால் முதல் 24. பூஜ்யம் என்றால் எதுவுமே ஒத்துப்போக வேண்டாம். உலகத்தில் உள்ள எல்லா முகவரியும் அதில் அடங்கும். ஆனால் நெருக்கமாகப் பொருந்தும் வரிதான் ஜெயிக்கும் என்பதால், இது எப்போதும் கடைசியில்தான் கேட்கப்படும். திருப்பதி போகிறவர் மாதவரம் போவார். அந்த ஊருக்குத் தனி வரி உண்டு. தனி வரி இல்லாத ஊர்களுக்குத்தான் 'கோயம்பேடு போ'.

இந்த மூன்றாவது வரி என் ரவுட்டருக்கு எப்படி வந்தது? உண்மையில் யாரும் கொடுக்கவில்லை. ரவுட்டரே எழுதிக்கொண்டது.

லைன்மேன் வந்து ரவுட்டரில் ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போயிருந்தால், உங்கள் இணைப்பு பெரும்பாலும் பி.பி.பி.ஓ.ஈ. வகை. இதன் வேர் டயல்-அப் காலத்தில் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 15-இல் அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. டயல்-அப்பில் மோடம் தொலைபேசி வழியாகக் கூப்பிட்டு, மறுமுனையோடு பி.பி.பி. (பாயின்ட்-டு-பாயின்ட் புரோட்டோகால்) என்ற நெறிமுறையில் பேசும். அதன் பெயரிலேயே இருப்பதுபோல் அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மட்டும் போடும் கோடு. பிராட்பேண்ட் வந்தபோது கோடு ஈத்தர்நெட் ஆகிவிட்டது, ஆனால் யார் உள்ளே வருகிறார், எவ்வளவு பயன்படுத்தினார், பணம் கட்டினாரா என்று பார்க்க நிறுவனங்களுக்குப் பழைய யூசர்நேம் முறைதான் வசதியாக இருந்தது. ஆகவே பி.பி.பி.யை ஈத்தர்நெட்டுக்குள் மடித்து வைத்தார்கள். 1999-இல், ஆர்.எஃப்.சி. என்ற இணைய விதி ஆவண வரிசையில் 2516-ஆம் எண்ணாக வெளிவந்தது. 2005-இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் தொடங்கியபோது நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அறிமுகமானது இதுதான்.

இதில் நடக்கும் பேச்சு சுவாரசியமானது. ரவுட்டர் கோட்டில் 'யாராவது இருக்கிறீர்களா' என்று பொதுவாகக் கூவும். நிறுவனத்தின் பெரிய கருவி 'நான் இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். இருவரும் ஓர் எண்ணை ஒப்புக்கொண்டு அமர்வைத் திறப்பார்கள். பாஸ்வேர்டு சரிபார்த்ததும் ரவுட்டர் 'என் முகவரி 0.0.0.0, சம்மதமா?' என்று கேட்கும். 'இல்லை, இதை வைத்துக்கொள்' என்று மறுமுனை நிஜ முகவரியைத் தரும். பேச்சு அதோடு முடிந்துவிடும். 'உன் கேட்வே இது' என்று சொல்வதற்கு அந்த உரையாடலில் இடமே கிடையாது, தேவையும் கிடையாது. இரண்டே முனை உள்ள குழாயில் இந்தப் பக்கம் போட்டது அந்தப் பக்கம்தான் விழும். அடுத்த கை யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? குழாய் திறந்ததும் 'தெரியாதது எல்லாம் இந்தக் குழாயில்' என்று ரவுட்டர் தானே ஒரு வரி எழுதிக்கொள்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'டீஃபால்ட் ரூட்' என்று ஒரு டிக் இருக்குமே, அது இதற்குத்தான். தெரியாமல் அதை எடுத்துவிட்டு, 'கனெக்டட்னு காட்டுது, ஆனா நெட் இல்லை' என்று கூப்பிடுபவர்கள் உண்டு.

குழாயின் இரண்டு முனையும் அவ்வப்போது 'இருக்கிறாயா', 'இருக்கிறேன்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சில முறை பதில் வராவிட்டால் அமர்வு மூடும், குழாய் மறையும், அதோடு சேர்ந்து வழியும் மறையும். அம்பத்தூரில் முதல் இணைப்பு இந்த வகையாக இருந்திருந்தால் ஓரிரு நிமிடத்தில் இரண்டாவது இணைப்பு எடுத்திருக்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் போகிறது, ஒன்றில் கொள்ளும் 1500 பைட் என்பது 1492 ஆகிறது என்று பி.பி.பி.ஓ.ஈ.யைப் பலர் குறை சொல்வார்கள். கோடு செத்தால் செத்தது என்று சொல்லிவிட்டுச் சாகிற இந்தக் குணத்துக்காக அந்த 8 பைட்டைக் கொடுக்க நான் தயார்.

அப்புறம் டி.எச்.சி.பி. யூசர்நேம் எதுவும் கேட்காமல் வயரைச் செருகியதும் நெட் வந்தால் இதுதான். வீட்டுக்குள் உங்கள் போனுக்கு ரவுட்டர் முகவரி தருகிறதே, அதே முறையில் ரவுட்டருக்கு நிறுவனம் முகவரி தருகிறது. யார் வாடிக்கையாளர் என்பது கோட்டை வைத்தே தெரிந்துவிடும். எந்த வயர், எந்தப் போர்ட் வழியாகக் கோரிக்கை வந்தது என்று நடுவில் இருக்கும் கருவி ஒரு குறிப்பை ஒட்டி அனுப்பும். பதிலில் பல பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 1-ஆம் பெட்டியில் வலைப்பின்னலின் அளவு, 6-இல் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை), 51-இல் எத்தனை நேரத்துக்கு இந்த முகவரி செல்லும் என்பது. நமக்கு வேண்டியது 3-ஆம் பெட்டி. அதில் கேட்வேயின் முகவரி இருக்கும். ரவுட்டர் அதை எடுத்து 0.0.0.0/0 வரியில் வைத்துக்கொள்ளும்.

இங்கே குழாய் இல்லை. ஒரே தெருவில் பல வீடுகள் இருப்பதுபோல ஒரே ஈத்தர்நெட் பரப்பில் பல வாடிக்கையாளர்கள். அதனால் 'இந்த ஐ.பி. முகவரி யாருடையது' என்று கேட்டு, கேட்வேயின் வன்பொருள் முகவரியைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ரவுட்டரால் எதையும் அனுப்ப முடியும். கிடைத்த தகவலுக்கு ஓர் ஆயுள் உண்டு. 24 மணி நேரத்துக்குக் கொடுத்தால், பாதியில், அதாவது 12 மணி நேரத்தில், ரவுட்டர் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 21-ஆம் மணி நேரத்திலிருந்து யாராவது கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்கும். அதற்கும் பதில் இல்லாவிட்டாலும் 24 மணி முடியும்வரை அந்த முகவரியும் அந்த வழியும் செல்லுபடியாகும். நடுவில் ஃபைபர் அறுந்து, ஓ.என்.டி.க்கும் ரவுட்டருக்கும் இடையிலான அரை மீட்டர் வயர் மட்டும் பச்சையாக இருந்தால், அந்த வழி தன் ஆயுள் முடியும்வரை நிற்கலாம். டி.எச்.சி.பி.யில் குழாயின் 'இருக்கிறாயா' கேள்வி கிடையாது.

டி.எச்.சி.பி.யில் இன்னொரு பெட்டி இருக்கிறது, பலருக்குத் தெரியாமல் தலைவலி கொடுப்பது. எண் 121. 2002-இல் ஆர்.எஃப்.சி. 3442 கொண்டுவந்தது. ஒரு கேட்வே மட்டும் இல்லாமல், 'இந்த இந்த முகவரிக்கு இந்த இந்த வழி' என்று ஒரு பட்டியலையே இதில் அனுப்பலாம். டிவி சேவைக்குத் தனி வழி, குரல் அழைப்புக்குத் தனி வழி என்று கொடுக்கும் நிறுவனங்களுக்கு உதவும். ஆனால் ஒரு விதி உண்டு: 121 வந்தால் 3-ஆம் பெட்டியை ரவுட்டர் கண்டுகொள்ளக் கூடாது. ஆகவே டீஃபால்ட் ரூட்டையும் 121-க்குள்ளேயே நிறுவனம் எழுத வேண்டும். ஐந்தே பைட் வேலை, ஒரு பூஜ்யமும் நாலு பைட் கேட்வேயும். டிவிக்கான வழியை மட்டும் 121-இல் போட்டுவிட்டு, கேட்வேதான் 3-இல் இருக்கிறதே என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? 121 தெரியாத பழைய ரவுட்டர் 3-ஐப் படித்து ஓடிக்கொண்டே இருக்கும். விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கும் புது ரவுட்டருக்கு டீஃபால்ட் ரூட்டே கிடைக்காது. வாடிக்கையாளர் புது ரவுட்டரைக் கடையில் திருப்பிக் கொடுப்பார். 'பழசு ஓடுது, புதுசு ஓடலை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த 121-ஐத்தான்.

இதே பெட்டிதான் 2024 மே மாதம் பாதுகாப்பு வட்டாரத்தில் பேசப்பட்டது. டன்னல்விஷன் என்று பெயர் வைத்தார்கள். காபிக் கடை வைஃபை போன்ற இடத்தில் கெட்ட எண்ணத்தோடு ஒருவர் டி.எச்.சி.பி. பதில் தர முடிந்தால், 121-இல் நெருக்கமான வழிகளை எழுதி அனுப்பி, வி.பி.என். (பாக்கெட்டுகளைப் பூட்டிய சுரங்கத்தில் அனுப்பும் மென்பொருள்) போட்டிருக்கும் டீஃபால்ட் ரூட்டை ஓரங்கட்டலாம். நெருக்கமான வரி ஜெயிக்கும் என்ற அதே விதிதான் இங்கேயும். ஆண்ட்ராய்டு போன்கள் 121-ஐப் படிப்பதே இல்லை, ஆகவே அவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லாமல் போயிற்று.

இதுவரை பார்த்த முகவரிகள் ஐ.பி. முறையின் பழைய பதிப்பு 4. புதிய பதிப்பு 6-க்கு வந்தால் கதை தலைகீழ். அங்கே டி.எச்.சி.பி.யில் கேட்வேக்கு இடமே கிடையாது. முகவரியையும், வீட்டுக்கென்று ஒரு முகவரித் தொகுதியையும் டி.எச்.சி.பி. தரும், வழியைத் தருவது வேறொருவர். நிறுவனத்தின் ரவுட்டரே கோட்டில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு செய்யும்: 'நான் இங்கே இருக்கிறேன், இன்னும் இத்தனை விநாடிக்கு என்னை வழியாக வைத்துக்கொள்ளலாம்.' அறிவிப்பு வந்த முகவரி, எஃப்.ஈ.80 என்று தொடங்கும் உள்கோட்டு முகவரி, அதுவே கேட்வே. வழக்கமான ஆயுள் 1800 விநாடி, அதாவது அரை மணி. அறிவிப்பு வருவது நின்றால் வழி தானாக உதிரும். ஆயுளைப் பூஜ்யமாகப் போட்டு அனுப்பினால் 'இனிமேல் என்னை நம்பாதே' என்று பொருள். ஒரு வழி தன் முடிவைத் தானே அறிவித்துவிட்டுப் போக முடிகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

இதிலும் சிக்கல் வரும். லினக்ஸ் ஓடும் ஒரு கணினி மற்றவர்களுக்காகப் பாக்கெட் கடத்தும் ரவுட்டராக மாறியதும், 'நான்தான் ரவுட்டர், எனக்கெதற்கு அறிவிப்பு' என்று வெளியிலிருந்து வருவதைக் காதில் வாங்காது. அதற்கென்று ஓர் அமைப்பை 2 என்று மாற்றினால்தான் கேட்கும். சொந்தமாக ரவுட்டர் செய்து பார்ப்பவர்கள் முகவரித் தொகுதி வந்தும் வெளியே போக முடியாமல் திணறும் இடம் இதுதான்.

வீட்டு ரவுட்டர்களுக்கான பதிப்பு 6 விதிகளில், 2013-இன் ஆர்.எஃப்.சி. 7084-இல், ஒரு நல்ல வரி இருக்கிறது. வெளியே டீஃபால்ட் ரூட் இல்லாத ரவுட்டர், வீட்டுக்குள் தன்னை டீஃபால்ட் ரவுட்டர் என்று அறிவிக்கக் கூடாது. பழைய பதிப்பு 4-இல் நடப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபைபர் அறுந்து மூன்று நாள் ஆனாலும் உங்கள் போனுக்கு 192.168.1.1 தன்னைக் கேட்வே என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். வழி தெரியாதவர் வழி சொல்லக் கூடாது என்பதை 6-ஆம் பதிப்பு எழுத்தில் வைத்துவிட்டது.

சரி, அம்பத்தூருக்கு வருவோம். அங்கே இருந்தது நிலையான முகவரி இணைப்பு. நிறுவனம் மின்னஞ்சலில் நாலு முகவரி கொண்ட ஒரு துண்டை அனுப்பும், /30 என்று. நாலில் முதலும் கடைசியும் பயன்படாது. மிச்சம் இரண்டில் ஒன்று அவர்களுக்கு, ஒன்று நமக்கு. அவர்களுடையதை நாம் கேட்வேயாக டைப் செய்ய வேண்டும். இணைப்புகளிலேயே விலை அதிகமான வகை இது, ஆனால் வழியைக் கொடுக்கும் முறையில் மிகவும் ஊமையானதும் இதுதான். போர்ட்டில் பச்சை விளக்கு எரியும்வரை அந்த வரி நிற்கும். அறிவிப்பு இல்லை, ஆயுள் இல்லை, 'இருக்கிறாயா' இல்லை. கல்வெட்டு மாதிரி.

இந்த வகையில் இன்னொரு மறைவான பள்ளம் உண்டு. நிறுவனம் உங்களுக்கு /29 என்று எட்டு முகவரித் துண்டு ஒன்றையும் தந்திருக்கிறது என்று வையுங்கள். அந்தத் துண்டுக்கு வருவதையெல்லாம் உங்கள் ரவுட்டரிடம் அனுப்பு என்று அவர்கள் பக்கம் ஒரு வரி இருக்கும். நீங்கள் அதில் இரண்டு முகவரியைத்தான் பயன்படுத்துகிறீர்கள். மூன்றாவது முகவரிக்கு வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால் உங்கள் ரவுட்டர் அட்டவணையைப் பார்க்கும். தெரியாத முகவரி, ஆகவே டீஃபால்ட் ரூட்டில், அதாவது நிறுவனத்திடமே, திருப்பி அனுப்பும். நிறுவனம் அது உங்களுடையது என்று மறுபடி உங்களிடம் அனுப்பும். பாக்கெட்டில் இருக்கும் ஆயுள் எண் தீரும்வரை இரண்டு பேருக்கும் நடுவில் அது பந்து மாதிரி போய்வரும். லினக்ஸில் புறப்படும் பாக்கெட்டில் அந்த எண் வழக்கமாக 64-இல் தொடங்கும், விண்டோஸில் 128. ஒரு பாக்கெட் வந்து உங்கள் கோட்டை அத்தனை மடங்கு அடைக்கிறது. பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டால் இரண்டே முகவரி மாறிமாறி வரும். தீர்வு ஒரு வரி: எட்டு முகவரித் துண்டு முழுவதற்கும் 'தெரியாவிட்டால் இங்கேயே போட்டுவிடு' என்று ரவுட்டரில் எழுதிவைப்பது. பயன்படுத்தும் முகவரிகளுக்கு இன்னும் நெருக்கமான வரி இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பு இல்லை. நிறுவனங்கள் இதை யாருக்கும் சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம்.

கிண்டியிலும் ஓ.எம்.ஆரிலும் இருக்கும் பெரிய அலுவலகங்கள், டேட்டா சென்டர்கள், சின்ன இன்டர்நெட் நிறுவனங்கள், இவர்களுக்கு வழி கொடுப்பது பி.ஜி.பி. இரண்டு பக்கத்து ரவுட்டர்களும் ஒன்றையொன்று பெயர் சொல்லி அறிந்து, தங்களுக்குத் தெரிந்த வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை. மேலே இருக்கும் நிறுவனம் கேட்கும்: முழு அட்டவணை வேண்டுமா, எங்கள் வாடிக்கையாளர்களின் வழிகள் மட்டும் வேண்டுமா, டீஃபால்ட் மட்டும் போதுமா? முழு அட்டவணை என்றால் பதிப்பு 4-இல் மட்டும் 9 லட்சத்துக்கும் அதிகமான வரி. 2014 ஆகஸ்ட் 12-இல் அது 5,12,000-ஐத் தாண்டியபோதே, அந்த அளவுக்கு மேல் நினைவகம் இல்லாத பழைய ரவுட்டர்கள் உலகின் பல இடங்களில் தடுமாறின. ஒரே ஒரு நிறுவனத்தோடு இணைந்தவருக்கு அவ்வளவும் எதற்கு? எல்லா வரியும் ஒரே கதவைத்தான் காட்டும். டீஃபால்ட் மட்டும் போதும்.

பி.ஜி.பி.யில் உயிர்ச் சோதனை உண்டு. பல கருவிகளில் 180 விநாடி பேச்சு வராவிட்டால் அந்தப் பக்கம் சொன்ன வழிகள் எல்லாம் எடுக்கப்படும். இன்னும் வேகமாக வேண்டுமென்றால் ஒரு விநாடிக்குள் கண்டுபிடிக்கும் துணை நெறிமுறையும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது, வல்லுநர்களும் விழுகிற ஓட்டை. மேல் நிறுவனத்தின் ரவுட்டரில் 'வாடிக்கையாளருக்கு டீஃபால்ட் கொடு' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அப்படி எழுதினால் அது நிபந்தனை இல்லாமல் கொடுக்கும். தனக்கும் வெளி உலகத்துக்கும் தொடர்பு அறுந்த பிறகும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த ரவுட்டர் உயிரோடு இருக்கிறது, உங்களோடு பேசுகிறது, நீங்கள் அனுப்புவதை எல்லாம் வாங்கித் தொலைத்துவிடுகிறது. நிபந்தனையோடு கொடுக்கவும் முடியும்: வெளியிலிருந்து குறிப்பிட்ட சில வழிகள் எனக்கு வந்துகொண்டிருந்தால் மட்டும் டீஃபால்ட் கொடு என்று. இணைப்பு வாங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி இப்போது இதுதான்: உங்கள் மேல் இணைப்பு போனால் எனக்குக் கொடுத்த டீஃபால்ட்டை எடுத்துவிடுவீர்களா? வேகம் எவ்வளவு என்பதை அப்புறம் பேசலாம்.

இந்தச் சங்கிலி எங்கே முடிகிறது? உங்கள் போனுக்கு டீஃபால்ட் வீட்டு ரவுட்டர். வீட்டு ரவுட்டருக்கு நிறுவனத்தின் கருவி. தெருவின் கேபிள்காரர் நடத்தும் சின்ன நிறுவனம் என்றால் அதற்கு மேலே இன்னொரு நிறுவனம். மேலே போகப்போக 'தெரியாவிட்டால் அவரைக் கேள்' என்பது குறைந்து, நேரடியாகத் தெரிந்த வழிகள் கூடும். சென்னையில் இயங்கும் நிக்சி பரிமாற்ற மையம் இதற்கு நல்ல உதாரணம். 2003-இல் தொடங்கிய நிக்சியின் முதல் நான்கு மையங்களில் சென்னையும் ஒன்று. அங்கே இணையும் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குப் போகும் வழிகளை மட்டும் ஒருவருக்கொருவர் தருகின்றன. அந்த நெருக்கமான வழிகள் ஜெயிப்பதால் உள்நாட்டுப் பாக்கெட் உள்நாட்டிலேயே கைமாறும். மற்றது டீஃபால்ட்டில் மேல் நிறுவனத்துக்குப் போகும். இத்தகைய இடத்தில் இன்னொருவரைக் கேட்காமல் அவர் பக்கம் டீஃபால்ட் ரூட்டைத் திருப்பிவிடுவது திருட்டுக்குச் சமம். அவர் பணம் கொடுத்து வாங்கிய வழியில் உங்கள் சரக்கை ஏற்றுவது அது.

கடைசியில் டீஃபால்ட் ரூட்டே இல்லாத ரவுட்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எல்லா வழியும் தெரியும். தெரியாத முகவரி என்றால் அது உலகத்தில் இல்லாத முகவரி. சென்னைக் கரையில் சிங்கப்பூர் நோக்கிப் போகும் கடலடிக் கேபிள்களும், 2020 ஆகஸ்டில் திறந்த சுமார் 2300 கிலோமீட்டர் அந்தமான் கேபிளும் தரையேறுகின்றன. போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அந்தக் கேபிளில் வரும் பாக்கெட்டுக்கு வெளிவாசல் நம் ஊர்தான். அத்தனை பேருடைய 'தெரியாதது எல்லாம்' இந்தக் கடற்கரைக்கு வந்துதான் யாரோ ஒருவருக்குத் தெரிந்ததாக மாறுகிறது.

அம்பத்தூரில் அன்று முதல் இணைப்பின் வயரைப் பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்தது, வரி மறைந்தது, இரண்டாவது இணைப்பு எடுத்தது. லாரி புறப்பட்டது. அது தற்காலிக வேலை. நிஜமான வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்தேன்: ரவுட்டரையே வெளியே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை வெளியில் உள்ள ஒரு முகவரிக்குப் பிங் (பதில் கேட்கும் சின்னப் பாக்கெட்) அனுப்பு, மூன்று முறை பதில் வராவிட்டால் அந்த டீஃபால்ட்டை இறக்கு. கேட்வேக்கே பிங் அனுப்பினால் போதாது. கேட்வே நலம் என்பதால் அதற்கு அப்பால் நலம் என்று ஆகிவிடாது.

இதில் பலர் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பிங் எந்த வழியாகப் போகிறது? கூகுளின் டி.என்.எஸ். முகவரியான 8.8.8.8-ஐச் சோதிக்கிறீர்கள், முதல் இணைப்பு போகிறது, வழி இரண்டாவதுக்கு மாறுகிறது. இப்போது பிங்கும் இரண்டாவது வழியாகப் போய்ப் பதில் வாங்கி வந்துவிடும். முதல் இணைப்பு பிழைத்துவிட்டது என்று ரவுட்டர் நினைத்து, செத்த வழிக்கே திரும்பும். அங்கே பிங் தோற்கும், மறுபடி மாறும். விடிய விடிய இதே ஆட்டம். ஆகவே 8.8.8.8 எப்போதும் முதல் இணைப்பில்தான், கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 எப்போதும் இரண்டாவதில்தான் என்று ஒற்றை முகவரிக்கான தனி வரிகளை எழுதிப் பூட்ட வேண்டும். பூட்டியதன் விளைவையும் நினைவில் வைக்க வேண்டும்: முதல் இணைப்பு போனால் 8.8.8.8 அந்த ஆபீஸுக்கு இல்லை. யாராவது அதை டி.என்.எஸ்.ஆக வைத்திருந்தால், நெட் இருந்தும் அவருக்குப் பக்கம் திறக்காது. ஒவ்வொரு கணினியாகப் பார்த்து மாற்றினேன்.

போன ஐப்பசி மழையில் மறுபடி அந்தத் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். எனக்கு யாரும் போன் செய்யவில்லை. வேறு வேலையாகப் போனபோது ரவுட்டரின் பதிவைப் பார்த்தேன். காலை 11.42-க்கு முதல் வழி இறங்கி, அதே நிமிடத்தில் இரண்டாவது ஏறி, மாலை 4.10-க்குத் திரும்பியிருக்கிறது. கணக்குப் பார்க்கும் அம்மாவிடம் அன்றைக்கு ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். இணைப்பு மாறும்போது வெளி முகவரியும் மாறிவிடும், திறந்திருந்த அமர்வுகள் அறுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "பேங்க் பக்கம் ஒரு தடவை வெளியே தள்ளிடுச்சு சார். மறுபடி லாகின் பண்ணேன்."